கேட்காமல் எடுத்த அழுகை

பள்ளிபாளையத்தில் காவிரிப் பக்கமாக இறங்குகிற சந்துகளில் ஒன்றில், விசைத்தறிகள் ராத்திரி பகல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண்ணின் அழுகைக்கு மட்டும் அவை நிற்பது வழக்கமாக இருந்தது. அந்தப் பெண் பாவாயி. பக்கத்தில் நின்று பேசுகிறவர் குரலே காதில் விழாத சந்து அது. யார் வீட்டில் எழவு விழுந்தாலும் முதலில் பாவாயிக்குத்தான் ஆள் வரும். அவள் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, செத்தவர் வாசலில் நின்று அழ ஆரம்பிப்பாள். அந்தக் குரல் தறிகளின் டக்கடக்கைத் தாண்டி மேலே ஏறிப் போகப்போக, முதலில் பக்கத்து வீட்டுத் தறி நிற்கும், அப்புறம் அதற்கடுத்த வீடு, அப்புறம் எதிர்வரிசை, இப்படி ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து கடைசியில் சந்துமுனைச் சாயப்பட்டறையை ஒட்டின தறியும் நிற்கிறபோது, செத்தவர் செத்துப்போனார் என்பது முடிவாகும். அதுவரை அவர் சும்மா படுத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். யாரும் அவரைக் குளிப்பாட்ட மாட்டார்கள், மாலை போட மாட்டார்கள்.

அந்த அழுகை எப்படி இருக்கும் என்றால், முதலில் தொடையில் பளாரென்று ஒரு அடி. அப்புறம் 'ஏஞ்சாமீ' என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி உயரே உயரே போகிற ஒரு இழுப்பு. உச்சியில் மூச்சு அறுந்து, முட்டையிட்ட கோழி கொக்கரிப்பது போல வரிசையாக விக்கல். விக்கல் நின்றதும் ஒன்றுமே நடக்காத மாதிரி, கடையில் அரைக்கிலோ பருப்பு கேட்கிற குரலில், 'தண்ணி குடு' என்பாள். யாராவது சொம்பை நீட்டுவார்கள். குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் சந்தில் யாரும் சிரித்ததில்லை, ஏனென்றால் அதைக் கேட்கிற நேரத்தில் எல்லோருடைய வீட்டிலும் தறி நின்றுபோயிருக்கும், திடீரென்று வந்த அந்த அமைதியில் எல்லோருக்கும் அவரவர் செத்தவர்கள் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள்.

அவளுடைய தம்பிதான் சென்னியப்பன், சினிமாவில் நடிக்கிறவன், கதையும் எழுதுகிறவன். இலக்கியக் கூட்டங்களில் அவனை நடிகர் என்று அறிமுகப்படுத்துவார்கள், படப்பிடிப்பில் ரைட்டர் சார் என்று கூப்பிடுவார்கள், இரண்டு இடத்திலும் அவனுக்கு இரண்டாம் பந்தியில்தான் இலை விழும். வசனத்தில் உதவி செய்யப் போனவன், வரவேண்டிய நடிகர் வராத ஒரு நாளில் பஞ்சாயத்துக் காட்சியில் ஓரமாக நிற்கிற ஆளாக நின்று, அப்படியே வருஷக்கணக்காக ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கதைகளில் அவன் சந்து மனிதர்களையெல்லாம் எடுத்துப் போட்டிருக்கிறான். டீக்கடைச் செங்கோடன் டீ ஆற்றுகிற கையையும், பக்கத்து வீட்டு மைனாவதி வாசல் தெளிக்கிற வேகத்தையும் அச்சிட்டிருக்கிறான். அவர்களுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. அல்லது குறைந்தது தெரிகிற அளவுக்கு அந்தக் கதைகளை யாரும் படிக்கவில்லை.

பிறகு அந்தப் படம் வந்தது. அதில் அவன் கவுன்சிலர். தேர்தலில் டெபாசிட் போய்விட்டது என்று கேள்விப்பட்டு அழவேண்டும். இயக்குநர் சின்ன வயசுக்காரர், "சார், வழக்கமா அழுவுற மாதிரி வேணாம், நீங்க ரைட்டர், ஏதாவது புதுசா குடுங்க" என்றார். சென்னியப்பன் ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். அப்புறம் தொடையில் பளாரென்று ஒரு அடி அடித்து, 'ஏஞ்சாமீ' என்று கிளப்பினான். விக்கல் வந்தது. தண்ணி குடு வந்தது. விளக்குப் பிடித்திருந்தவர் சிரித்த சிரிப்பில் விளக்கே ஆடியது, இயக்குநர் தரையில் உட்கார்ந்துவிட்டார், முதல் முறையாக எல்லோரும் அவனைச் சுற்றி வந்து நின்றார்கள். அந்த நேரத்தில் பாவாயி வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் வந்துகொண்டிருந்த தண்ணீர் பாதியில் நின்றது. வெங்காயம் காரமில்லை போல என்று நினைத்துக்கொண்டு மீதியையும் நறுக்கி முடித்தாள்.

படம் ஓடியதோ இல்லையோ, அழுகை ஓடியது. குழந்தைகள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அழுதார்கள், கிரிக்கெட்டில் தோற்றவர்கள் வீடியோவில் அவன் குரலை ஒட்டிப் போட்டார்கள், கல்யாண மண்டபத்தில் பாயசம் தீர்ந்தால் 'தண்ணி குடு' என்றார்கள். சென்னியப்பன் முதல் பந்திக்கு வந்தான். தொலைக்காட்சியில் ஒரு பெண் கேட்டாள், அந்த அழுகையை எங்கே பிடித்தீர்கள் என்று. அவன் நாற்காலியில் சாய்ந்து, "ஒரு நடிகன் வெளியில தேடக் கூடாது, தனக்குள்ளேர்ந்துதான் எடுக்கணும், மாசக்கணக்கா பயிற்சி பண்ணேன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே காது சூடாகிவிட்டது. மேக்கப் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

பாவாயியும் அவள் புருஷன் அர்த்தனாரியும் அதை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தனாரி வீட்டுக்குள்ளேயே நாலு தறி போட்டு ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர், பேசினால் சத்தமாகப் பேசுகிறவர். "என்ன பாவாயி, உன்னுதைத்தானே பண்றான்?" என்றார்.

"போச்சாது உடுங்க. நல்லா இருக்கட்டும்" என்றாள் பாவாயி. அவளுக்கு உண்மையிலேயே பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே மைனாவதியின் மாமனார் போய்ச் சேர்ந்தார். ஆள் வந்தது. பாவாயி போய் வாசலில் நின்றாள், தொடையில் அடித்தாள், வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தாள். தொடைதான் சிவந்தது. சுற்றி நின்ற பெண்கள் தொண்டை கட்டியிருக்கும் என்று சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தார்கள், ஒருத்தி வயிற்றைத் தடவிவிட்டாள். தறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தன. ஆளாளுக்கு வீடு வீடாக ஓடிக் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லவேண்டியதாயிற்று. ஒரு கோடியில் நிறுத்தி வருவதற்குள் இன்னொரு கோடியில் தெரியாமல் போட்டுவிட்டார்கள். மைனாவதியின் மாமனார் பாதி செத்தவராகவே சந்துமுனையைத் தாண்டிப் போனார் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

இதில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. டீக்கடைச் செங்கோடன்தான் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னான்: "அக்காகிட்ட இருந்தா இங்க கேக்கும். தம்பி கொண்டுட்டுப் போயிட்டாரு, அங்க கேக்குது. ஒண்ணு ஒரு எடத்துலதானுங்களே இருக்கும்?" ஆமாம் என்றார்கள் எல்லோரும். அதற்கப்புறம் ஊர் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள ஆரம்பித்தது. வாட்ஸாப்பில் குழு ஆரம்பித்து எழவுச் செய்தி போட்டார்கள். தறி ஓட்டுகிறவன் கையில் போன் எடுக்க நேரமில்லாமல் செய்தி பொழுது சாயப் போய்ச் சேர்ந்தது. கோயில் மணியை அடித்துப் பார்த்தார்கள். பூசைக்கு நேரமாகிவிட்டதென்று கிழவிகள் தேங்காயோடு கிளம்பிப் போனார்கள். சந்தின் மொத்த மின்சாரத்தையும் பிடுங்கிப் பார்த்தார்கள். தறி நின்றது, ஆனால் அது துக்கம் என்று யாருக்கும் தோன்றவில்லை, கரண்ட் ஆபீஸைத்தான் திட்டினார்கள். அந்த வருஷம் செத்தவர்கள் எல்லாருமே கொஞ்சம் சரியாகச் சாகாதவர்களாகவே போனார்கள்.

அர்த்தனாரி மச்சினனுக்குப் போன் போட்டார். "சென்னி, உங்கக்காளுக்கு அழுவாச்சி வரமாட்டீங்குதுடா. கொண்டுட்டுப் போனதக் கொண்டாந்து குடுத்துட்டுப் போ."

"ஷூட்டிங் இருக்கு மாமா. முடிச்சிட்டு வர்றேன்" என்றான் சென்னியப்பன், எடுத்துப்போன ஏணியை யாரோ திருப்பிக் கேட்ட மாதிரி.

பண்டிகைக்கு வந்தான். கார் சந்துக்குள் திரும்பியதும், தங்களுடையதையும் எடுத்துப் போய்விடுவானோ என்று ஜனங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். செங்கோடன் டீயை ஆற்றாமல் அப்படியே நீட்டினான், சென்னியப்பனுக்கு நாக்கு வெந்துபோனது. மைனாவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் 'வாங்க' என்றாள். ஆனால் எதிர்மாறான ஆட்களும் இருந்தார்கள். ஒருத்தி அவனை மடக்கி, "தம்பி, என்ற மாமியா வாயத் தொறந்தா வண்டை வண்டையாப் பேசுதுங்க, அதக் கொஞ்சம் படத்துல போட்டு எடுத்துட்டுப் போயிருங்க சாமி" என்று கெஞ்சினாள். இன்னொருத்தர் மகனின் திக்குவாயை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பையனையே கொண்டுவந்து நிறுத்தினார். சென்னியப்பன் திக்கிக் காட்டினான், மாமியாரைப் போல வைது காட்டினான். அவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. செங்கோடன் மறுபடி தெளிவுபடுத்தினான்: "கேட்டுக் குடுத்தா போகாது. கேக்காம எடுத்தாத்தான் போவும் போலிருக்குதுங்க." இதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. சென்னியப்பனுக்குத்தான் யாரோ நடுத்தெருவில் வேட்டியை உருவிவிட்டது போல இருந்தது.

அன்றைக்கு வீட்டில் பாவாயி முன்னால் உட்கார்ந்து அழுகையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். தொடையில் அடித்து, இழுத்து, விக்கி, தண்ணி கேட்டான். அர்த்தனாரி தறியை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தார். பாவாயி அடக்கி அடக்கிப் பார்த்தாள், உதட்டைக் கடித்துப் பார்த்தாள், கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து, "நெம்ப நல்லாப் பண்றடா" என்றாள். அதைவிட அவள் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பட்டணத்துக்குத் திரும்பியவன் எழுத உட்கார்ந்தான். நடிப்பில் போனது எழுத்தில் திரும்பும் என்று நம்பினான். ஓர் அக்கா, அவள் தொலைத்த அழுகை, அதை எடுத்துப்போன தம்பி. நல்ல கதை, இதைச் சொல்லத்தான் வேண்டும். அவன் எழுதியதிலேயே நல்ல கதை. எழுதும்போது அவன் நிஜமாகவே கண் கலங்கினான், கலங்கிய இடத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தான். கதைக்குப் பரிசு கிடைத்தது. ஏற்புரையில் அக்காவைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது, சரியான இடத்தில் உடைந்தது, அரங்கம் எழுந்து நின்றது.

மைனாவதி அந்தக் கதையைப் பாவாயிக்குப் படித்துக் காட்டினாளாம். தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் படித்தாளாம். முழுக்கக் கேட்டுவிட்டுப் பாவாயி கேட்டாள்: "அதுல கடைசில நான் அழுவுறனா?"

"இல்லீங்க்கா. தம்பிதான் அழுவுறாரு."

"அப்ப அதயும் அவனே வெச்சுக்கிட்டானா" என்றாளாம் பாவாயி, வருத்தமில்லாமல், விசாரிக்கிற மாதிரி.

அர்த்தனாரி இதை அப்படியே போனில் சொன்னார். சென்னியப்பன் போனை வைத்தான். பரிசாக வந்த கேடயத்தைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துப் பரணில் போட்டான். போட்டதையும் ஒரு கட்டுரையில் எழுதலாம் என்று மனசுக்குள் ஒரு வரி ஓடியது. தன்னை நினைக்க அவனுக்கே கூசியது. அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

அப்படியிருக்கும்போதுதான் அர்த்தனாரி, ஒரு முற்பகலில், அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவர், தறிக்குப் பக்கத்திலேயே சற்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டபோது சென்னியப்பன் சேலத்துப் பக்கம் படப்பிடிப்பில் இருந்தான். போட்டிருந்த வேஷத்தைக் கலைத்துவிட்டு ஓடி வந்தான். வரும் வழியில் மைனாவதி போனில் சொன்னாள்: மாமாவை இன்னும் குளிப்பாட்டவில்லை. பாவாயி விடவில்லை. வாட்ஸாப்பில் போடக்கூடாது என்றுவிட்டாளாம், மணி அடிக்கக்கூடாது, கரண்டைப் பிடுங்கக்கூடாது, யாரும் போய்க் கையைக் காட்டக்கூடாது. "என்ற புருசன் ஆயுசுக்கும் தறி ஓட்டுனவரு. அவருக்கு மொறையாத்தான் தறி நிக்கோணும். அதுவரைக்கும் அவரு சாகல" என்று தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாளாம். காலையிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறாளாம். உள்ளே அர்த்தனாரியின் நாலு தறிகள்கூட ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, நிறுத்தப்போனவனை அவள் முறைத்து அனுப்பிவிட்டாள்.

கார் சந்துக்குள் நுழைந்தபோது சாயங்கால வெயில். காரைவிட்டு இறங்கிய சென்னியப்பனுக்கு முதலில் கேட்டது அவனுடைய குரல்தான். 'ஏஞ்சாமீ.' யாரோ ஒரு நல்லெண்ணக்காரர், பாவாயி படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, படத்தின் அழுகையைப் போட்டுவிட்டிருந்தார். அது அவளுடைய அழுகைதானே, தறிகளுக்குத் தெரியாதா என்பது அவர் எண்ணம். தறிகளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஜனங்களுக்கு அந்தப் படம் தெரிந்திருந்தது. விக்கல் வந்தபோது பந்தலில் இருந்த ஒருவர் தோள் குலுங்கியது. 'தண்ணி குடு' வந்தபோது, எழவு வீட்டில், பிணத்துக்கு முன்னால், வந்திருந்த ஒறம்பரைச் சொந்தபந்தம் மொத்தமும், வாயைப் பொத்திக்கொண்டு, முடியாமல், சிரித்தார்கள். எதிர்த் தறியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "என்னங்கடா, படம் போடறாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான்.

சென்னியப்பன் செருப்பைக் கழற்றினான். அதை எங்கே விடுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்புக்கு நடுவே வெள்ளைத்துணியில் படுத்திருந்த மாமாவை நேராகப் பார்க்க முடியவில்லை. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நிஜமாகவே தரையைப் பார்த்தான். சிமெண்டுத் தரை, ஒரு கீறல்கூட இல்லை.

"அத நிறுத்துங்க" என்றாள் பாவாயி. ஸ்பீக்கர் நின்றது. தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. "வந்துட்டயா? நீ அழுவுடா. உங்கிட்டத்தான இருக்குது."

"அக்கா, வேண்டாங்க்கா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். தறி நின்னாச் சரி."

அவன் வாசலில் போய் நின்றான். ஏழெட்டு போன்கள் அவனைப் பார்த்து உயர்ந்தன. தொடையில் அடித்தான். 'ஏஞ்சாமீ' என்றான். கிளுக்கென்று ஒரு சிரிப்பு, அப்புறம் இன்னொன்று. அவன் இழுத்தான், விக்கினான், 'தண்ணி குடு' என்றான், யாரோ அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டே வெளியே ஓடினார்கள். அதோடு அவன் நின்றான். படத்தில் அந்தக் காட்சி அந்த இடத்தில் வெட்டப்பட்டுவிடும். தண்ணீர் குடித்ததற்கப்புறம் அக்கா எப்படி அழுவாள்? எத்தனை எழவில் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தெரியவில்லை. அவன் வேடிக்கையான பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தான், மீதியைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. இது அவனுக்கு அப்போதுதான், அத்தனை பேர் முன்னால், அத்தனை போன்கள் முன்னால் தெரிந்தது.

அவன் வாயைத் திறந்து சும்மா கத்தினான். அது யாருடைய அழுகையும் இல்லை, நன்றாகவும் இல்லை. மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. "மாமா, கூப்பிட்டீங்களே மாமா, வர்லியே மாமா" என்று உளறினான். சிரிப்பு நின்றுபோயிற்று, போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின, ஏனென்றால் அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் தறிகள் ஓடின. அந்தக் குரலுக்குத் தறிகளைத் தாண்டும் வலு இல்லை.

அக்காவின் காலடியில் போய் விழுந்தான். விழுந்தவன் நிமிர்ந்தபோது அவள் முகம் மாறிக்கொண்டிருந்ததைக் கண்டான். அவளுடைய கால் கட்டைவிரல் பாயின் ஓரத்தை அழுத்தித் திருகியது. கீழுதடு முதலில் இடதுபக்கம் கோணியது. கழுத்தில் ஒரு நரம்பு கிளம்பி, தாலிக்கயிற்றுக்குக் கீழே போய்... என்று அவன் கண் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவைக்க ஆரம்பித்திருந்தது. மாமா செத்துக் கிடக்கிறார், அக்கா உடைகிறாள், இவன் கண் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. கழுத்து நரம்பு துடித்து அப்படியே நின்றது. அவள் வாய் மறுபடி மூடிக்கொண்டது.

சென்னியப்பன் அவமானத்தில் உடம்பெல்லாம் எரிய, தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான். இரண்டு உள்ளங்கையாலும் அதற்குமேல் பொத்திக்கொண்டான். "நான் பாக்கலீங்க்கா" என்றான். "சத்தியமாப் பாக்கலீங்க்கா."

தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு, தலைக்கு மேலே எங்கேயோ, பளாரென்று ஓர் அடி விழுந்தது.

அது கிளம்பிய விதத்தைச் சந்தில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள், ஆளுக்கொரு மாதிரி சொல்லுவார்கள். சென்னியப்பனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவன் கண்ணை மூடியிருந்தான். அவனுக்குக் கேட்டது தறிகள்தான். முதலில் மிக அருகில், மாமாவின் நாலு தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. அப்புறம் மைனாவதி வீடு. அப்புறம் எதிர்வரிசை. சத்தம் தெருவைவிட்டு விலகி விலகிப் போக, அமைதி வீடு வீடாக ஏறி நடந்து போக, கடைசியாகச் சாயப்பட்டறை ஓரத்துத் தறி ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தது. அர்த்தனாரி செத்துப்போனார்.

விக்கல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"தண்ணி குடு" என்றாள் பாவாயி.

பல பேர் எழுந்திருக்கப் போனார்கள், அவன் எழுந்துவிட்டான். கண்ணைத் திறக்காமல், சுவரைத் தடவிக்கொண்டு, நிலைப்படியில் முட்டிக்கொண்டு, குடம் இருக்கும் மூலைக்குப் போனான். சொம்பைத் தேடி எடுத்து மொண்டான். பாதி அவன் சட்டையில் கொட்டியது. வந்த வழியே தடவிக்கொண்டு திரும்பி, குரல் வந்த பக்கமாக நீட்டினான். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. குடிக்கிற சத்தம் கேட்டது. காலிச் சொம்பு அவன் கைக்குத் திரும்பி வந்தது.

பாவாயி வாயைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவன் அவளுக்கு முன்னால் சொம்போடு நின்று, அந்த மீதியை, கண்ணைத் திறக்காமல் கடைசிவரை கேட்டான்.